பெயர் சொல்லிப் போகும் கப்பல்கள்
சொகுசுக் கப்பல் ஒன்று இப்போது எங்கே இருக்கிறது என்பதை எப்படி அறிகிறோம்?



2018ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆம் தேதி, இந்தோனேசியாவின் பாத்தாம் தீவுக்கு அருகில் ஒரு சொகுசுக் கப்பல் மலேசிய அதிகாரிகளிடம் ஒப்படைக்கப்பட்டது. மறுநாள் அது கிள்ளான் துறைமுகத்தை வந்தடைந்தது. அதன் பெயர் ஈக்குவானிமிட்டி. நீளம் 91.5 மீட்டர். நெதர்லாந்தின் ஓஷன்கோ நிறுவனம் கட்டிய கப்பல் அது. 1எம்டிபி நிதி வழக்கில் தேடப்பட்ட சொத்துகளில் அதுவும் ஒன்று. அந்த நாள்களில் நாளிதழ்களின் முதல் பக்கத்தில் அதன் படத்தை உங்கள் வீட்டில் பலர் பார்த்திருப்பார்கள்.

வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். பாத்தாமிலிருந்து கிள்ளானுக்குக் கடல்வழி மலாக்கா நீரிணைதான். பத்து பகாட், மூவார், மலாக்கா, போர்ட்டிக்சன் என்று நம் கரையை ஒட்டித்தான் அந்தக் கப்பல் போயிருக்கிறது. நம்மில் பெரும்பாலோருக்கு அது தெரியவே தெரியாது.

சில மாதங்களுக்கு முன் மாணவர் சிலரோடு தஞ்சோங் கிளிங் கடற்கரையில் நின்றுகொண்டிருந்தேன். தூரத்தில் வரிசையாகக் கப்பல்கள். ஜாசின் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்திலிருந்து வரும் மாணவி ஒருத்தி கேட்டாள்: "டீச்சர், அது எங்க போற கப்பல்? இங்கிருந்தே கண்டுபிடிக்க முடியுமா?"

முடியும் என்றேன். எப்படி முடியும், எப்போது முடியாமல் போகும் என்பதுதான் இந்த வாரப் பாடம்.

கப்பல் தானே சொல்கிறது

பெரிய கப்பல் ஒவ்வொன்றிலும் ஒரு சிறு வானொலிக் கருவி இருக்கிறது. அதைத் தானியங்கி அடையாள முறை என்பர், சுருக்கமாக ஏஐஎஸ். யாரும் கேட்காமலேயே, "நான் இன்னார், இங்கே இருக்கிறேன், இந்தத் திசையில் இந்த வேகத்தில் போகிறேன்" என்று அது சொல்லிக்கொண்டே இருக்கும். சுற்றியுள்ள கப்பல்களும் கரையில் உள்ள நிலையங்களும் அதைக் கேட்கும்.

சோலாஸ் எனப்படும் கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான பன்னாட்டு ஒப்பந்தம் இந்தக் கருவியைக் கட்டாயமாக்கியது. பன்னாட்டுப் பயணம் செய்யும் 300 டன் மற்றும் அதற்கு மேற்பட்ட கப்பல்களும், எந்த அளவிலான பயணிகள் கப்பல்களும் 2004ஆம் ஆண்டு முடிவதற்குள் ஏஐஎஸ் பொருத்தியாக வேண்டும் என்று அது விதித்தது.

இங்கே ஒரு குழப்பத்தைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். கப்பலுக்குச் சொல்லப்படும் இந்த 'டன்' எடை அன்று. கப்பலின் உள்ளே அடைபட்டிருக்கும் இடத்தின் கன அளவிலிருந்து கணக்கிடப்படும் எண் அது. ஆகவே 300 டன் கப்பல் என்றதும் 300,000 கிலோகிராம் என்று எழுதிவிடாதீர்கள்.

ஏஐஎஸ் அனுப்பும் தகவல் மூன்று வகைப்படும்.

முதலாவது, மாறாத தகவல். கப்பலின் பெயர், அடையாள எண்கள், வகை, நீளம், அகலம் ஆகியவை. வகைக்கும் ஓர் எண் உண்டு. 30 என்றால் மீன்பிடிப் படகு. 36 என்றால் பாய்மரப் படகு. 37 என்றால் உல்லாசப் படகு. 70 முதல் 79 வரை சரக்குக் கப்பல். 80 முதல் 89 வரை எண்ணெய் போன்றவற்றை ஏற்றும் தாங்கிக் கப்பல்.

இரண்டாவது, பயணத் தகவல். போகும் துறைமுகம், சென்றுசேரும் நேரம், கப்பலின் அடிப்பகுதி நீருக்குள் எவ்வளவு ஆழம் அமிழ்ந்திருக்கிறது என்பவை.

மூன்றாவது, நகரும் தகவல். அகலாங்கு, நெட்டாங்கு, வேகம், போகும் திசை ஆகியவை. இவற்றைக் கப்பலில் உள்ள ஜிபிஎஸ் கருவி தருகிறது.

இவற்றில் பயணத் தகவலைக் கப்பலில் உள்ள மனிதர்கள் கையால் தட்டச்சு செய்கிறார்கள். ஆகவே பிழை நுழைவதும் அங்கேதான் அதிகம். துறைமுகத்தை விட்டுப் புறப்பட்டு நான்கு நாளான பிறகும் பழைய துறைமுகத்தின் பெயரையே சொல்லிக்கொண்டு போகும் கப்பல்கள் உண்டு. ஒரு தகவலைப் படிக்கும்போது, இதை அளந்தது கருவியா, எழுதியது மனிதரா என்று கேட்டுப் பழகுங்கள்.

பெரட்டுக் களத்தில் ஒரு பாடம்

ஏஐஎஸ் பயன்படுத்துவது விஎச்எஃப் எனப்படும் மிக உயர் அதிர்வெண் வானொலி அலை. 161.975 மெகாஹெர்ட்ஸ், 162.025 மெகாஹெர்ட்ஸ் என இரண்டு அலைவரிசைகள் மட்டுமே. மலாக்கா நீரிணை வழியே ஆண்டுக்கு 80,000க்கும் மேற்பட்ட கப்பல் பயணங்கள் நடக்கின்றன. இத்தனை கப்பல்களும் இரண்டே அலைவரிசைகளில் பேசினால் கூச்சல்தானே மிஞ்சும்?

உங்கள் தாத்தா பாட்டியிடம் தோட்டத்துப் பெரட்டைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். விடியற்காலையில் எல்லாரும் களத்தில் கூடுவார்கள். கிராணி ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவார். கூப்பிட்டவர் மட்டும் குரல் கொடுப்பார். அதனால்தான் நூறு பேர் இருந்தாலும் ஒருவர் குரல் மற்றவர் குரலோடு மோதுவதில்லை.

ஏஐஎஸும் இப்படித்தான் நேரத்தைப் பங்கு போடுகிறது. ஓர் அலைவரிசையில் ஒரு நிமிடம் 2,250 துண்டுகளாகப் பிரிக்கப்படுகிறது. 60 வினாடியை 2,250ஆல் வகுத்துப் பாருங்கள். ஒரு துண்டு ஏறத்தாழ 0.0267 வினாடி. அந்தக் கண்ணிமைக்கும் நேரத்துக்குள் 256 பிட் தகவல் போய்விடும். இரண்டு அலைவரிசைகளையும் சேர்த்தால் நிமிடத்துக்கு 4,500 துண்டுகள்.

ஆனால் பெரட்டுக்கும் இதற்கும் ஒரு வேறுபாடு உண்டு. நடுக்கடலில் பெயர் கூப்பிடக் கிராணி கிடையாது. ஒவ்வொரு கருவியும் முதலில் காது கொடுத்துக் கேட்கும். எந்தத் துண்டு காலியாக இருக்கிறது என்று பார்த்து அதைத் தனக்கு எடுத்துக்கொள்ளும். அடுத்த முறை எந்தத் துண்டில் பேசப்போகிறது என்பதையும் முன்கூட்டியே அறிவித்துவிடும். மற்றவை அந்தத் துண்டைத் தொடாது. இதற்கு எல்லாக் கப்பல்களின் கடிகாரங்களும் ஒன்றாக ஓட வேண்டும். அந்தப் பொதுவான நேரத்தை ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் தருகின்றன.

எவ்வளவு தூரம் கேட்கும்?

அலைநீளத்தைக் கணக்கிடுவோம். ஒளியின் வேகம் வினாடிக்கு 300,000,000 மீட்டர். அதை 162,000,000 ஹெர்ட்ஸால் வகுத்தால் ஏறத்தாழ 1.85 மீட்டர் கிடைக்கும். இந்த அலை பெரும்பாலும் நேர்க்கோட்டில் போகும். பூமியோ உருண்டை. ஆகவே அலை ஓர் எல்லைக்கு மேல் கடல்பரப்பின் வளைவில் மறைந்துவிடும்.

அந்த எல்லையை அறிய ஓர் எளிய சூத்திரம் உண்டு. அனுப்பும் ஆண்டெனாவின் உயரத்துக்கும் வாங்கும் ஆண்டெனாவின் உயரத்துக்கும் தனித்தனியே வர்க்கமூலம் காணுங்கள். இரண்டையும் கூட்டி 4.12ஆல் பெருக்குங்கள். உயரம் மீட்டரில் இருந்தால், விடை கிலோமீட்டரில் கிடைக்கும்.

கடலோரத்தில் ஒரு பள்ளிக் கட்டடத்தின் கூரையில் 9 மீட்டர் உயரத்தில் ஆண்டெனா இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கப்பலின் ஆண்டெனா 25 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. 9இன் வர்க்கமூலம் 3, 25இன் வர்க்கமூலம் 5. கூட்டினால் 8. அதை 4.12ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 33 கிலோமீட்டர்.

நம் மாநிலத்துக்குச் சொந்தமான தஞ்சோங் துவான் முனைக்கும் எதிரே உள்ள ரூபாட் தீவுக்கும் இடையில் கடல் ஏறத்தாழ 40 கிலோமீட்டர் அகலம்தான். அந்த முனையின் குன்றில்தான் பழைய கலங்கரை விளக்கம் நிற்கிறது. பழங்காலத்தில் விளக்கைக் குன்றின் மேல் வைத்ததும் இன்று ஆண்டெனாவை உயரத்தில் வைப்பதும் ஒரே காரணத்துக்காக: உயரம் கூடினால் அடிவானம் தள்ளிப்போகும்.

எவ்வளவு அடிக்கடி பேசும்?

பெரிய கப்பல்களில் இருப்பது 'ஏ' வகைக் கருவி. அதன் ஆற்றல் 12.5 வாட். நங்கூரமிட்டு நிற்கும் கப்பல் 3 நிமிடத்துக்கு ஒருமுறை பேசும். 14 நாட் வேகம் வரை 10 வினாடிக்கு ஒருமுறை. 14 முதல் 23 நாட் வரை 6 வினாடிக்கு ஒருமுறை. அதற்கும் மேலே போனால் 2 வினாடிக்கு ஒருமுறை. திரும்பும்போது இன்னும் அடிக்கடி பேசும். பெயர், நீளம் போன்ற மாறாத தகவலை 6 நிமிடத்துக்கு ஒருமுறை சொன்னால் போதும்.

சிறிய உல்லாசப் படகுகளுக்கு 'பி' வகைக் கருவி உண்டு. அதில் பரவலாக உள்ளதன் ஆற்றல் 2 வாட் மட்டுமே. 2 நாட்டுக்கு மேல் ஓடும்போது 30 வினாடிக்கு ஒருமுறை பேசும்.

ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல்மைல், அதாவது 1.852 கிலோமீட்டர். 12 நாட் வேகத்தில் ஓடும் படகு ஒரு வினாடியில் ஏறத்தாழ 6.2 மீட்டர் கடக்கும். 'ஏ' வகைக் கருவி இருந்தால் ஒரு தகவலுக்கும் அடுத்த தகவலுக்கும் இடையில் 62 மீட்டர் நகர்ந்திருக்கும். 'பி' வகையானால் 185 மீட்டர். திரையில் தெரியும் புள்ளி, கப்பல் இருக்கும் இடமன்று. சற்று முன்பு இருந்த இடம். வேகம் கூடக் கூட ஏன் அடிக்கடி பேச வேண்டும் என்பது இப்போது விளங்குகிறதா?

நுட்பமான எண்ணும் சரியான எண்ணும்

ஏஐஎஸ் தன் இடத்தை ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கான 'கலை'யில் சொல்கிறது; அதையும் பத்தாயிரமாகப் பிரித்துச் சொல்கிறது. அகலாங்கில் ஒரு கலை ஒரு கடல்மைலுக்குச் சமம். அதாவது 1,852 மீட்டர். அதைப் பத்தாயிரத்தால் வகுத்தால் 18.5 சென்டிமீட்டர்.

அப்படியானால் கப்பலின் இடத்தை ஒரு சாண் அளவுக்குச் சரியாகச் சொல்லிவிடுமா? இல்லை. ஜிபிஎஸ் அளவீட்டிலேயே சில மீட்டர் பிழை இருக்கும். எண்ணைப் பல தசம இடங்களுக்கு எழுதுவது ஒன்று. அந்த எண் உண்மைக்கு நெருக்கமாக இருப்பது வேறொன்று. ஆய்வுக்கூடத்தில் சாதாரண அளவுகோலால் அளந்துவிட்டு 12.3456 சென்டிமீட்டர் என்று எழுதும் மாணவர்களுக்கு நான் சிவப்பு மையால் வட்டம் போடுவது இதற்காகத்தான்.

இன்னொன்றும் கவனியுங்கள். ஜிபிஎஸ் சொல்வது ஆண்டெனா இருக்கும் இடத்தை. 91.5 மீட்டர் நீளமுள்ள கப்பலில் முன்முனை எங்கே, பின்முனை எங்கே? ஆகவே ஆண்டெனாவிலிருந்து முன்முனைக்கும், பின்முனைக்கும், இரு பக்கங்களுக்கும் உள்ள தூரங்களைக் கருவியில் பதிவு செய்கிறார்கள். முன்முனைக்கு 30 மீட்டர், பின்முனைக்கு 62 மீட்டர் என்று பதிவாகியிருந்தால் கப்பலின் நீளம் 92 மீட்டர். நீளமும் அகலமும் நமக்குத் தெரியவருவது இப்படித்தான்.

பெயர் மாறும், எண் மாறாது

ஒவ்வொரு கப்பல் வானொலிக்கும் ஒன்பது இலக்க எண் ஒன்று உண்டு. அதன் முதல் மூன்று இலக்கங்கள் கப்பல் எந்த நாட்டுக் கொடியில் ஓடுகிறது என்பதைக் காட்டும். மலேசியாவுக்கு 533. இந்தோனேசியாவுக்கு 525. இந்தியாவுக்கு 419. ஈக்குவானிமிட்டி கேமன் தீவுகளின் கொடியில் ஓடியது; அந்தத் தீவுகளுக்கு 319. கொடி மாறினால் இந்த எண்ணும் மாறும்.

மாறாத எண் ஒன்றும் உண்டு. அது ஏழு இலக்கமுள்ள ஐஎம்ஓ எண். அதைப் பெற்ற கப்பல் விற்கப்பட்டாலும், பெயர் மாற்றப்பட்டாலும், வேறு சாயம் பூசப்பட்டாலும் உடைக்கப்படும் நாள் வரை அதே எண்தான். நம் அடையாள அட்டை எண் போல. 2019ஆம் ஆண்டு ஏப்ரலில் ஈக்குவானிமிட்டியை கெந்திங் நிறுவனம் 12 கோடியே 60 லட்சம் அமெரிக்க டாலருக்கு வாங்கியது. பிறகு அதன் பெயர் டிராங்குவிலிட்டி ஆனது. பெயரை மட்டும் நம்பித் தேடுபவர் அத்தோடு கப்பலைத் தவறவிட்டிருப்பார்.

ஐஎம்ஓ எண்ணில் ஓர் அழகான கணக்கு ஒளிந்திருக்கிறது. 9074729 என்ற எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் ஆறு இலக்கங்களை வரிசையாக 7, 6, 5, 4, 3, 2 ஆகியவற்றால் பெருக்குங்கள்.

9 × 7 = 63
0 × 6 = 0
7 × 5 = 35
4 × 4 = 16
7 × 3 = 21
2 × 2 = 4

கூட்டுத்தொகை 139. அதன் கடைசி இலக்கம் 9. ஐஎம்ஓ எண்ணின் கடைசி இலக்கமும் 9. இரண்டும் ஒத்துப்போனால் எண் சரியான அமைப்பில் இருக்கிறது என்று பொருள். யாராவது ஓர் இலக்கத்தைத் தவறாகத் தட்டியிருந்தால் பெரும்பாலும் இந்தச் சோதனையில் அகப்பட்டுக்கொள்ளும்.

துறைமுகத்துக்கு வந்ததா, இல்லையா?

ஒரு கப்பல் எந்தெந்தத் துறைமுகங்களுக்குப் போனது என்ற பட்டியலை யார் எழுதுகிறார்கள்? பெரும்பாலும் கணினிதான். துறைமுகத்தைச் சுற்றி வரைபடத்தில் ஓர் எல்லைக்கோடு வரைந்துவிடுவார்கள். கப்பலின் புள்ளி அந்தக் கோட்டுக்குள் நுழைந்து, அதன் வேகம் ஏறத்தாழ பூஜ்யமாகிச் சிறிது நேரம் அப்படியே இருந்தால், 'வந்தது' என்று பதிவாகும். புள்ளி கோட்டைத் தாண்டி வெளியேறினால், 'புறப்பட்டது'.

2007ஆம் ஆண்டு கிரேக்க நாட்டின் ஏஜியன் பல்கலைக்கழகத்தில் ஓர் ஆய்வுத் திட்டமாகத் தொடங்கியது மரீன் டிராஃபிக் என்ற கப்பல் வரைபடம். உலகெங்கும் கரையோரங்களில் ஆர்வலர்கள் தங்கள் கூரைகளில் ஏஐஎஸ் வாங்கிகளைப் பொருத்தித் தகவல் அனுப்ப, அது வளர்ந்தது. இன்று திறன்பேசியிலேயே நம் நீரிணையின் கப்பல்களைப் பார்க்க முடிகிறது.

கரையிலிருந்து கேட்காத நடுக்கடலில் என்ன செய்வது? செயற்கைக்கோள்கள் கேட்கின்றன. நமக்கு அருகில் ஓர் எடுத்துக்காட்டு: இந்தோனேசியாவின் லாப்பான் ஏ2. அது 2015ஆம் ஆண்டு செப்டம்பர் 28ஆம் தேதி இந்தியாவின் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பிஎஸ்எல்வி ஏவூர்தி மூலம் விண்ணில் ஏவப்பட்டது. அதில் ஏஐஎஸ் வாங்கி இருக்கிறது. ஏறத்தாழ 650 கிலோமீட்டர் உயரத்தில், நிலநடுக்கோட்டை ஒட்டிச் சுற்றுவதால் ஒரு நாளில் சுமார் 14 முறை இந்தோனேசியாவுக்கு மேலே வருகிறது.

செயற்கைக்கோளுக்கு ஒரு சிக்கல் உண்டு. கடலில் இருக்கும் கருவி தன்னைச் சுற்றியுள்ள கப்பல்களை மட்டும் கேட்டுத் துண்டைத் தேர்ந்தெடுக்கிறது. செயற்கைக்கோளின் காதோ ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பரப்பைக் கேட்கிறது. பத்துத் தோட்டங்களின் பெரட்டை ஒரே நேரத்தில் கேட்பது போல. ஒரே துண்டில் பல கப்பல்கள் பேசுவதால் சில தகவல்கள் கலந்துபோகின்றன.

வாய் மூடிய கப்பல்

இப்போது ஈக்குவானிமிட்டிக்குத் திரும்புவோம். 2018ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் தேதி பாலித் தீவின் பெனோவா துறைமுகத்தில் இந்தோனேசியப் போலீசார் அதைப் பிடித்தார்கள். அமெரிக்காவின் எஃப்பிஐ கேட்டுக்கொண்டதன் பேரில் நடந்த நடவடிக்கை அது. கப்பல் தன் ஏஐஎஸ் கருவியை அணைத்துவிட்டுப் பயணம் செய்ததாக அப்போது போலீசார் கூறினார்கள்.

ஏஐஎஸ் ஒரு கண்காணிப்புக் கேமரா அன்று. கப்பல் தானே முன்வந்து பேசினால்தான் நாம் கேட்க முடியும். பொத்தானை அணைத்தால் புள்ளி மறையும். கடற்கொள்ளையர் அச்சம் போன்ற காரணத்துக்காகக் கப்பல் தலைவர் அதை அணைக்க விதி இடம் தருகிறது. மற்றபடி அணைத்து வைப்பது மற்றவர்களின் உயிரோடு விளையாடுவது.

ஏஐஎஸ் சொல்வது பொய்யாகவும் இருக்கலாம். ஒரு படகு காலை 10.00 மணிக்கு வடக்கு 2 பாகை 10 கலை, கிழக்கு 102 பாகை 5 கலையில் இருக்கிறது. அது தஞ்சோங் பிடாரா கடற்கரைக்குத் தெற்கே கடல். 10.30க்கு அதே நெட்டாங்கில் வடக்கு 2 பாகை 40 கலை என்று காட்டுகிறது. 30 கலை என்றால் 30 கடல்மைல். அரை மணி நேரத்தில் 30 கடல்மைல் என்றால் வேகம் 60 நாட். சொகுசுப் படகுக்கு அது நம்பத்தகாத வேகம். வரைபடத்தையும் பாருங்கள்: அந்த இடம் கடலே இல்லை, நெகிரி செம்பிலானில் ரெம்பாவ் பக்கத்து நிலம்! கருவி கெட்டிருக்க வேண்டும், அல்லது யாரோ பொய் சொல்ல வைத்திருக்க வேண்டும்.

அதனால்தான் அதிகாரிகள் ஏஐஎஸை மட்டும் நம்புவதில்லை. ரேடார் இருக்கிறது. ரேடார் அனுப்பும் அலை கப்பலின் உடம்பில் பட்டுத் திரும்பும். அதற்குக் கப்பலின் சம்மதம் தேவையில்லை. மலாக்கா, சிங்கப்பூர் நீரிணைகளில் 1998ஆம் ஆண்டு டிசம்பர் முதல் கட்டாய அறிவிப்பு முறையும் நடப்பில் உள்ளது. 300 டன் மற்றும் அதற்கு மேற்பட்ட கப்பல்களும், 50 மீட்டர் மற்றும் அதற்கு மேல் நீளமுள்ள கப்பல்களும் கரை நிலையத்தை வானொலியில் அழைத்துத் தங்கள் பெயரைச் சொல்ல வேண்டும். இவற்றோடு செயற்கைக்கோள் படங்கள், துறைமுகத்தின் ஆவணங்கள், எல்லாவற்றுக்கும் மேலாக மனிதக் கண்கள்.

யாருக்கு ஆபத்து?

2017ஆம் ஆண்டு ஆகஸ்டு 21ஆம் தேதி விடியற்காலையில் அமெரிக்கப் போர்க்கப்பல் ஜான் எஸ். மெக்கேனும் அல்னிக் எம்சி என்ற எண்ணெய்க் கப்பலும் சிங்கப்பூருக்குக் கிழக்கே மோதிக்கொண்டன. 10 மாலுமிகள் உயிரிழந்தார்கள். மோதலுக்கு முக்கியக் காரணம் போர்க்கப்பலின் திசைதிருப்பும் கருவிகளைக் கையாள்வதில் ஏற்பட்ட குழப்பம். ஆயினும் அந்த ஆண்டின் விபத்துகளுக்குப் பிறகு, நெரிசலான கடல்வழிகளில் போர்க்கப்பல்களும் ஏஐஎஸ் தகவலை அனுப்ப வேண்டும் என்று அமெரிக்கக் கடற்படை முடிவெடுத்தது. மறைந்து போவதை விடத் தெரிந்து போவதே உயிரைக் காக்கும் என்பதை ஒரு போர்க்கப்பல் படையே ஏற்றுக்கொண்டது.

அப்படியானால் நம் கரையோரத்துச் சம்பான்கள்? உம்பாயிலிருந்தும் பூலாவ் பெசார் பக்கமிருந்தும் இரவில் வலை போடப் போகும் சிறு படகுகள்? பன்னாட்டு விதி அவற்றுக்கு ஏஐஎஸைக் கட்டாயமாக்கவில்லை. சொகுசுக் கப்பலில் இருப்பவர் வேண்டுமென்றே மறைகிறார். சம்பானில் இருப்பவர் வழியில்லாமல் மறைந்திருக்கிறார். பெரிய கப்பலின் திரையில் இருவருமே இல்லை. ஆனால் மோதல் நேர்ந்தால் உயிர் போவது சம்பானில்தான்.

மரத்தாலும் கண்ணாடியிழையாலும் செய்த படகு ரேடார் அலையையும் நன்றாகத் திருப்பி அனுப்பாது. இதற்கு இயற்பியலில் ஓர் எளிய வழி உண்டு. மூன்று உலோகத் தகடுகளை ஒன்றுக்கொன்று செங்குத்தாக, அறையின் மூலைபோல இணைக்க வேண்டும். அந்த மூலையில் விழும் அலை மூன்று தகடுகளிலும் மோதி, வந்த திசையிலேயே திரும்பிவிடும். உங்கள் சைக்கிளின் பின்னால் உள்ள சிவப்பு ஒளித்திருப்பியும் இதே அமைப்புதான். அப்படி ஒரு தகட்டு மூலையைப் படகின் கம்பத்தில் உயரமாகக் கட்டினால் ரேடார் திரையில் அந்தப் படகு தெரிய நல்ல வாய்ப்பு உண்டு. மின்சாரமும் வேண்டாம், மின்கலமும் வேண்டாம். உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ கடலுக்குப் போகிறவர்கள் இருந்தால் இதைச் சொல்லுங்கள்.

இன்னொரு சொல். கப்பல்களின் இடத்தை எல்லாரும் பார்க்கும்படி வெளியிடுவது பாதுகாப்புக்குக் கேடாகலாம் என்று பன்னாட்டுக் கடல்சார் அமைப்பு 2004ஆம் ஆண்டிலேயே எச்சரித்தது. கொள்ளையரும் அதே வரைபடத்தைப் பார்க்கலாம் அல்லவா? ஆகவே கப்பலைத் தேடிப் படியுங்கள். படகில் இருக்கும் தனிமனிதரைத் துரத்தாதீர்கள்.

செய்து பாருங்கள்

1. 9074792 என்பது சரியான ஐஎம்ஓ எண்தானா?

2. குன்றின் மேல் ஓர் ஆண்டெனா கடல்மட்டத்திலிருந்து 16 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கப்பலின் ஆண்டெனா 36 மீட்டர் உயரம். எத்தனை கிலோமீட்டர் வரை கேட்கும்?

3. 'ஏ' வகைக் கருவியுள்ள சொகுசுக் கப்பல் 18 நாட் வேகத்தில் நேராக ஓடுகிறது. ஒரு தகவலுக்கும் அடுத்ததற்கும் இடையில் எத்தனை மீட்டர் நகரும்?

4. மூன்று சிறு கண்ணாடிகளை அறையின் மூலைபோல ஒட்டுங்கள். அதன் நடுமுனையை ஒரு கண்ணால் பாருங்கள். தலையை எந்தப் பக்கம் நகர்த்தினாலும் என்ன தெரிகிறது? ஏன் என்று இரண்டு வாக்கியத்தில் எழுதுங்கள்.

விடைகள்: (1) இல்லை. கூட்டுத்தொகை 153, கடைசி இலக்கம் 3 ஆக இருக்க வேண்டும். (2) 4 + 6 = 10; ஏறத்தாழ 41 கிலோமீட்டர். (3) வினாடிக்கு 9.26 மீட்டர்; 6 வினாடியில் ஏறத்தாழ 56 மீட்டர். (4) உங்கள் கண்ணே நடுவில் தெரியும். காரணத்தை நீங்கள் எழுதி, உங்கள் அறிவியல் ஆசிரியரிடம் காட்டுங்கள்.

அந்த மாணவி கேட்ட கப்பலை அன்று மாலையே தேடிப் பார்த்தோம். 70ஆம் வகை, சரக்குக் கப்பல். அதற்குப் பின்னால், கரையை ஒட்டி, விளக்கில்லாத சிறு படகு ஒன்று போய்க்கொண்டிருந்தது. கண்ணுக்குத் தெரிந்தது. திரையில் இல்லை. "டீச்சர், அதுக்கு யார் பெயர் கொடுப்பா?" என்று கேட்டாள். அதற்கு என்னிடம் சூத்திரம் இல்லை. நீங்கள் படித்து வளர்ந்து விடை கண்டுபிடியுங்கள்.